அப்பத்தா கையில் ஒரு தழும்பு

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதம். மூன்றரை மாதத்தில் போட்ட ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சல். தொடை வீங்கி, தொட்டாலே அலறினாள். அதனால் ஒன்பது மாதத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போட்டு வருகிறேன். அந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்று சிங்கப்பூரில் இருக்கும் கணவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். மாமியாரோ, "மணல்வாரி, ஆத்தா வந்து விளையாடிட்டுப் போறது, அதுக்கு எதுக்கு ஊசி?" என்கிறார். நான் என்ன செய்ய?
- ஒரு தாய், தேவகோட்டை

பதில்: காய்ச்சலில் துடித்த பிள்ளையை இரண்டு ராத்திரி மடியில் போட்டிருந்தவளுக்கு, மறுபடி ஊசி என்றால் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் அது வேறு ஊசி, மகளே. மூன்றரை மாதத்தில் போட்டது பென்டாவேலன்ட், ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஒரே ஊசி. அதிலுள்ள கக்குவான் இருமலுக்கான மருந்துதான் பெரும்பாலும் காய்ச்சலும் வீக்கமும் தருவது. இப்போது பாக்கியிருப்பது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. இதற்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாக வந்து போகும்.

நானும் தள்ளிப்போட்டவள்தான். என் மூத்தவனுக்குக் காதுகுத்து முடியட்டும் என்று இருந்தேன். வந்த கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மேல் சுட்டுக்கொண்டிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்துபோன பிறகும் இரண்டு மணி நேரம் அந்த அறைக் காற்றில் நிற்கும். பன்னிரண்டாம் நாள் இவனுக்கும் வந்தது. வேப்பிலை கட்டிப் படுக்க வைத்தேன். அப்புறம் மூச்சு இழுத்தது. நிமோனியா என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தான், வலது காது மட்டும் சரியாகக் கேட்காது. இன்றைக்கும் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இடது பக்கமாகப் போய்த்தான் நிற்கிறேன்.

அந்த வீடியோவின் வேர் 1998-இல் இருக்கிறது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை அது. 2010-இல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றது. அவர் மருத்துவம் பார்க்கும் உரிமையையும் இழந்தார். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. உங்கள் கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அவர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் குழந்தைகளுக்கு ஊசி போடுவது சட்டப்படி கட்டாயம்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தால், மேல்கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரியம்மைக்கு அம்மை குத்திய தழும்பு அது. அந்தக் காலத்தில் வீடு வீடாக வந்து குத்தினார்கள். அதனால்தான் 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் அந்த நோய் தொற்றவில்லை. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி-பங்குனியில் பால்குடம் எடுப்பதும் தீச்சட்டி எடுப்பதும் இன்றும் நிற்கவில்லையே! குத்திக்கொண்ட கைகள்தானே சுமக்கின்றன? "உங்களுக்கு உங்க அம்மா செஞ்சதை நான் என் பிள்ளைக்குச் செய்றேன் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் மனசு இளகும் என்றே நினைக்கிறேன்.

நாள் தவறிவிட்டதே என்று கலங்க வேண்டாம், இப்போதும் போடலாம். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி அட்டையோடு போங்கள். போன தடவைக் காய்ச்சலை நர்ஸம்மாவிடம் முதலிலேயே சொல்லுங்கள். அப்போது வலிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் மட்டும், குழந்தை நல மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது. அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அடுத்த தவணை பதினாறு மாதம் முடிந்து.

போகும்போது அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை அவர் மடியிலேயே இருக்கட்டும்.