வாசகர் கேள்வி பதில்: பழைய சைக்கிள் சொக், குறைந்த செலவில்

கேள்வி: 1990களின் நடுவில் வந்த ரொக்‌ஷொக்ஸ் ஜூடி ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் கவை) ஒன்று கிடைத்திருக்கிறது. ஆள் ஏறி அமர்ந்தாலும் இறங்குவதில்லை. புதியது வாங்க வசதியில்லை. திருத்தலாமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: திருத்தலாமா என்பதை ஃபோர்க்கின் மேல் குழாய்கள்தான், அதாவது கீழ்க்கால்களுக்குள் ஏறி இறங்கும் இரண்டு குழாய்கள்தான் சொல்லும். எதையும் கழற்றுமுன் சீலுக்கு (கீழ்க்காலின் வாயில் குழாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்) சற்று மேலே விரல் நகத்தை வைத்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நகம் சிக்காத கீறல் பரவாயில்லை. இலேசாகச் சிக்கினால் 2000ஆம் இலக்க நீர்த் தாளை (மிக நுண்ணிய தேய்க்கும் தாள்) ஒயிலில் நனைத்து, குழாயைச் சுற்றி வட்டமாகத் தேய்த்து விளிம்பை மழுக்கலாம். சீல் ஓடும் இடத்தில் துரு குழியாக விழுந்திருந்தால் அந்த ஃபோர்க்கில் பணம் போடவேண்டாம். குழி எத்தனை புதுச் சீலையும் சில வாரங்களில் அறுத்துவிடும். உங்கள் பகுதியில் கடற்காற்று படும் பல்கனியில் நிற்கும் சைக்கிள்களுக்கு இது அடிக்கடி நடப்பது. மேல் குழாய்கள் கிரவுனில் (இரு குழாய்களையும் மேலே இணைக்கும் பாகம்) பொருந்தும் இடத்தையும் துடைத்துப் பாருங்கள். அங்கே மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ, முன் பிறேக்கைப் பிடித்து ஆட்டும்போது கிரீச்சிட்டாலோ அத்தோடு விட்டுவிடுங்கள். முன் சக்கரம் கழன்றால் விழுவது முகம்தான்.

குழாய் நன்றாக இருந்தால் அநேகமாகக் குற்றவாளி உள்ளே இருக்கும் இலாஸ்டமர். ஜூடியில் ஸ்பிறிங்கின் வேலையைச் செய்வது நுண்ணிய காற்றுக்குமிழிகள் நிறைந்த யூரேதேன் துண்டுகள். வயதானால் அவை ஒன்றில் கல்லாகும், அல்லது தொதல்போலக் குழைந்து தண்டில் ஒட்டும். மேல் மூடியைத் திறந்து துண்டுகளை வெளியே எடுத்து நகத்தால் அழுத்துங்கள். பதிந்த குழி திரும்பி எழாவிட்டால் அந்தத் துண்டு முடிந்தது.

சாதாரண ரப்பர் உருளையை அதே அளவுக்கு வெட்டிப் போடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலை செய்யாது. குமிழி உள்ள யூரேதேன் தனக்குள்ளேயே சுருங்கும். திண்ம ரப்பரால் அது முடியாது. நீளத்தில் அழுத்தினால் பக்கவாட்டில் உப்பி, குழாய்ச் சுவரை நெருக்கிப் பிடித்து நின்றுவிடும்.

வெளிநாட்டுச் சிறு தயாரிப்பாளர்கள் இந்தத் துண்டுகளை இன்னும் வார்க்கிறார்கள். தபாற்செலவு கட்டுப்படியாகாவிட்டால் சுருள் ஸ்பிறிங்குக்கு மாறலாம். ஸ்பிறிங்கின் வெளி விட்டம் குழாயின் உள் விட்டத்தைவிட 1 மில்லிமீற்றராவது குறைவாக இருக்கவேண்டும். நீளம் பழைய துண்டுகளின் மொத்த நீளத்துக்குச் சமனாக இருக்கட்டும். ஃபோர்க் 60 மில்லிமீற்றர் இறங்கக்கூடியதென்றால், சுருள்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளைக் கூட்டினால் 60க்கு மேல் வரவேண்டும். இதைப் பாராமல் வாங்கினால் பாதி வழியில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, குழியில் இறங்கும் அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கு வரும். ஒன்றையும் கவனியுங்கள்: இலாஸ்டமர் தானாகவே துள்ளலைக் கொஞ்சம் அடக்கும், ஸ்பிறிங் அடக்காது. ஆகவே துள்ளலை அடக்கும், ஒயில் நிரம்பிய டாம்பர் கார்ட்ரிட்ஜின் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். சீரான எதிர்ப்பு இருக்கவேண்டும். தடையின்றி ஓடினால் அதன் சீலும் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் ஸ்பிறிங்கை மட்டும் மாற்றினால் வண்டி குதிரைபோலத் துள்ளும்.

கேள்வி: 2022 எரிபொருள் நெருக்கடியின்போது வாங்கிய சைக்கிள். ஸ்பிறிங் வைத்த மலிவான சொக். இப்போது இறுகிக் கரகரக்கிறது. டபிள்யூடி-40 அடித்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடி. – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அதை அடிப்பதை நிறுத்துங்கள். சீலுக்குக் கீழே இருக்கும் கிறீஸைக் கரைத்து, தூசியையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. இந்த ஃபோர்க்கைக் கழற்ற ஒரு மணித்தியாலம் போதும்.

சக்கரத்தையும் பிறேக்கையும் கழற்றியபின், கீழ்க்கால்களின் அடியிலுள்ள அலன் போல்ட்டை அல்லது நட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுதாக எடுக்கவேண்டாம். போல்ட்டோடு நடுத்தண்டும் சேர்ந்து சுழன்றால், ஒருவர் ஃபோர்க்கை அழுத்திப் பிடிக்க மற்றவர் திருகுங்கள். பிறகு ரப்பர் சுத்தியலால் போல்ட் தலையில் தட்டினால் தண்டு விடுபடும். போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டுத் தட்டுவதால்தான் மரை நசுங்குகிறது.

கீழ்க்கால்களை உருவி, உள்ளே தடியில் துணி சுற்றித் துடையுங்கள். கிறீஸ் கறுத்து வந்தால் தூசி, காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர். புஷ்களை (கீழ்க்காலுக்குள் மேல் குழாய் வழுக்கி ஓடும் வளையங்கள்) ஐசோபுறொப்பைல் அற்ககோலால் கழுவி உலரவிடுங்கள். பெற்றோல் வேண்டாம். சீலைக் கழற்ற நெம்பும்போது விளிம்பில் துணியை மடித்து வையுங்கள். விலைகூடிய ஃபோர்க்குகளின் கீழ்க்கால் பெரும்பாலும் மக்னீசியம். பெயின்ற் உரிந்த இடத்தில் உப்புக்காற்றுப் பட்டால் அரிப்பு வேகமாகப் பரவும்.

புதுச் சீலுக்கு வேர்ணியர் அளவியால் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: மேல் குழாயின் வெளி விட்டம் (மலிவானவற்றில் 28 அல்லது 30 மில்லிமீற்றர்), சீல் உட்காரும் குழியின் விட்டம், சீலின் உயரம். கொழும்பு டாம் வீதி சைக்கிள் கடைகளில் முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய சீலைக் காட்டுங்கள். சுழலும் தண்டுக்கான சீலைத் தந்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள வளையச் சுருள் குழாயை இறுக்கிப் பிடிப்பதால் ஃபோர்க் சிறு மேடுகளுக்கு அசையாது. புதுச் சீலைக் கீழ்க்காலில் இறக்க, அதன் வெளி விளிம்பில் பொருந்தும் பிவிசி குழாய்த் துண்டு போதும். கோணலாக இறங்கினால் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

புஷ்களிலும் சீல் உதட்டிலும் சிலிக்கன் கிறீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சீலுக்குக் கீழே நுரை வளையம் இருந்தால் அதை ஒயிலில் ஊறவையுங்கள். ஸ்பிறிங் முழுவதும் கிறீஸ் தடவினால் கரகரப்பு நிற்கும். அடியிலுள்ள போல்ட்டை முறுக்கு அளவுடன் இறுக்குவது நல்லது. பல ரொக்‌ஷொக்ஸ் ஃபோர்க்குகளுக்கு அது 7.3 நியூட்டன் மீற்றர்.

எல்லாம் செய்தும் முன்பின் ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. மலிவான ஃபோர்க்கில் அதை மாற்றும் செலவில் இன்னொரு பாவித்த ஃபோர்க் வாங்கலாம்.

கேள்வி: ஸ்பிறிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ஃபோர்க். இரண்டு நாளில் காற்று இறங்கிவிடுகிறது. – வாசகர், தெஹிவளை

பதில்: வால்வில் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் வால்வின் உள்முனையை இறுக்குங்கள் அல்லது மாற்றுங்கள். மோட்டார் சைக்கிள் ரியூப்பில் இருப்பதும் அதே வகைதான். குமிழி இல்லையென்றால் கோளாறு உள்ளே பிஸ்டனிலுள்ள ஓ வளையத்தில் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்). திறக்குமுன் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். அழுத்தத்துடன் திறந்தால் மூடி தெறித்து ஆளைக் காயப்படுத்தும். திரும்பப் பூட்டும்போது கீழ்க்கால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் ஒயில் விடுங்கள், சரியான அளவு மொடலின் கையேட்டில் இருக்கும். காற்றடிக்கச் சொக் பம்ப் (உயர் அழுத்தத்துக்கான கைப்பம்ப்) தேவை. மேல் குழாயில் சீலை ஒட்டி ஒரு பிளாஸ்ரிக் கேபிள் டையைக் கட்டி, மெதுவாக ஏறி அமர்ந்து இறங்குங்கள். 100 மில்லிமீற்றர் ஃபோர்க்கில் அது 20 முதல் 25 மில்லிமீற்றர் நகர்ந்திருந்தால் காற்று சரி.

கேள்வி: ஃபோர்க் ஒயில் கிடைக்கவில்லை. ஓட்டோ கராஜில் பிறேக் ஒயில் விடச் சொன்னார்கள். விடலாமா? – வாசகர், மட்டக்குளி

பதில்: விடவே கூடாது. டொட் வகைப் பிறேக் திரவம் ஃபோர்க்கின் நைற்றைல் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், பெயின்ற்றையும் உரிக்கும். டாம்பருக்கு மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஒயில் போதும். கடையில் 5ம் 10ம் இலக்கத் தடிப்புள்ள ஒயில் மட்டும் இருந்து உங்களுக்கு 7.5 தேவைப்பட்டால், ஒரே கம்பனியின் இரண்டையும் சரிபாதியாகக் கலக்கலாம். ஏற்கெனவே பிறேக் திரவம் விட்டிருந்தால் முழுவதையும் கழற்றி அற்ககோலால் கழுவி, அது பட்ட ரப்பர் அனைத்தையும் மாற்றுங்கள்.