அப்பீலுக்கு பாதிப் பணம்: கஷ்டத்தைச் சொன்னால் விலக்கு கிடைக்குமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் சின்னதாக கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை சரியில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் 2023-ல் புகார் போட்டார். ரூ.2,10,000 கொடுக்கச் சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இப்போது உத்தரவிட்டிருக்கிறது. அப்பீல் போனால் பாதியைக் கட்ட வேண்டுமாம். அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்? செக் கேஸில் என் நண்பருக்கு டெபாசிட்டிலிருந்து விலக்கு கிடைத்தது. நானும் மனு போடலாமா?

பதில்: போட்டுப் பலன் இல்லை. நண்பருடைய வழக்கில் சட்டம் வேறு. செக் கேஸ் அப்பீலில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம் என்று இருந்தாலும், விதிவிலக்கான சூழ்நிலை என்றால் நீதிபதி விலக்கு தரலாம் என உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41-வது பிரிவில் அந்த இடைவெளியே கிடையாது. பணம் கொடுக்க வேண்டியவர் பாதியைக் கட்டாமல் மாநில ஆணையம் அப்பீலை எடுத்துக்கொள்ளாது. உங்களுக்கு அது ரூ.1,05,000. பழைய சட்டத்தில் பாதி அல்லது ரூ.25,000, எது குறைவோ அதுதான். புதிய சட்டம் அமலுக்கு வந்த 2020 ஜூலை 20-க்கு முன் போட்ட புகார் என்றால் இன்றும் அந்தக் கணக்கே. உங்களுடையது 2023 புகார் என்பதால் அதில் வராது. சிறு பட்டறைக்காரருக்கு இது கடுமையான விதி என்றே நானும் நினைக்கிறேன்.

அதனால் விலக்கு மனுவில் நாளைக் கழிக்காதீர்கள். அப்பீலுக்கு உத்தரவுத் தேதியிலிருந்து 45 நாள்தான். கட்டும் தொகை கட்டணம் இல்லை. ஜெயித்தால் திரும்பி வரும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: பாதியைக் கட்டியதாலேயே உத்தரவு நின்றுவிடாது. ஸ்டே கேட்டுத் தனி மனு போட வேண்டும், அதற்கு மேற்கொண்டும் கட்டச் சொல்லலாம். ஸ்டே இல்லாமல் உத்தரவை நிறைவேற்றாமல் விட்டால் 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ரூ.25,000-க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே வரலாம்.

தொகையைக் கூட்டியதில் தப்பு மாதிரி பார்த்தவுடன் தெரிகிற பிழை இருந்தால், 30 நாளுக்குள் மாவட்ட ஆணையத்திலேயே சீராய்வு மனு போடலாம். அதற்கு இந்த டெபாசிட் தேவையில்லை. அப்புறம், புகார்தாரரிடம் நேரில் பேசிப் பாருங்கள். சென்னை வரை வழக்கை இழுப்பதைவிட, தவணையாக வந்தாலும் பணம் கைக்கு வரட்டும் என்று அவரும் நினைக்கலாம். ஒத்துக்கொண்டால் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆணையத்தில் தாக்கல் செய்யுங்கள். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். வக்கீல் செலவுக்கும் வழியில்லை என்றால் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானச் சான்றோடு கேளுங்கள். வக்கீல் கிடைப்பார்; டெபாசிட்டை அவர்கள் கட்ட மாட்டார்கள்.

கேள்வி: ஏற்காட்டில் தங்கும் விடுதி மீது நான் போட்ட புகார் தள்ளுபடியாகிவிட்டது. அப்பீலுக்கு நானும் பாதி கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவு யார் மீது இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த விதி. 45 நாள் கெடு மட்டும் உங்களுக்கும் உண்டு.