கவர் பாடலை எப்படி ரசிப்பது?

பொள்ளாச்சித் திருமண மேடையில் 'இளைய நிலா பொழிகிறதே' பாடலை ஒற்றைக் கிதாரோடு மெதுவாகப் பாடியபோது பெரியவர்கள் முகம் சுளித்ததாகவும், அத்தகைய கவர் பாடலை, அதாவது ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் தம் பாணியில் மீண்டும் பாடுவதை, எப்படி ரசிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1982இல் வந்த மூலப் பாடலில் கிதாருக்கும் குழலுக்கும் இளையராஜா தந்த இடம் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலுக்குத் தந்ததற்குச் சற்றும் குறைந்ததன்று. ஆகவே இடையிசையை வெட்டிவிட்டுப் பல்லவியை மட்டும் குழைந்து பாடும் கவர், என் கணக்கில் பாதிப் பாட்டுதான். குழல் வரும் இடத்தை அந்த ஒற்றைக் கிதார் எதைக்கொண்டு நிரப்பியது, வேகம் குறைந்த நிலையில் பாடகர் 'பொழிகிறதே' என்று நீட்டும்போது மூச்சை எங்கே எடுத்தார் என்பவற்றைக் கவனியுங்கள். எஸ்.பி.பி.யை அப்படியே நகலெடுப்பது மேடைக் கச்சேரிக்குப் போதும் (கோவைப் பக்கம் கைதட்டலும் அதற்குத்தான் விழும்). இதே மெட்டு 1983இல் கிஷோர் குமார் குரலில் இந்தியிலும் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், குரல் மாறும்போது பாட்டின் மனநிலையும் மாறுவது காதுக்குப் பிடிபடும்.