கவிதையில் அழகு, கதையில் அசிங்கமா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகக் காதல் கதைகள் எழுதி வருகிறேன். இப்போது ஒரு தொடர்கதை பாதியில் நிற்கிறது. கணவனும் மனைவியும் முதன்முதலாக நெருங்கும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் மூத்த நாத்தனார், "இதையெல்லாம் எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?" என்று கேட்டார். இதே நெருக்கத்தை நான் கவிதையாக எழுதியபோது மனதாரப் பாராட்டியவர் அவர்தான். இன்னொரு பக்கம், "வேகம் போதவில்லை, நாயகன் இன்னும் முரடனாக இருக்க வேண்டும்" என்று சில வாசகிகள் கேட்கிறார்கள். எழுதிப் பார்த்தால் எல்லாக் காட்சியும் எனக்கே ஒன்று போலத் தோன்றுகிறது. எதுவரை எழுதலாம்? எங்கே நிறுத்துவது? இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். முதலில் உங்கள் நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்விதான் உங்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கவிதையில் நீங்கள் 'அவள்' என்று எழுதியிருப்பீர்கள். கதையில் அவளுக்குப் பெயர் வைத்தீர்கள், வேலை கொடுத்தீர்கள், குடியிருக்க ஒரு வீடும் கொடுத்தீர்கள். சொந்தக்காரர் ஒருவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் தெரிந்த முகத்தைத்தான் முதலில் தேடுவார். உங்கள் நாத்தனார் அந்தக் காட்சியில் தன் தம்பியைத் தேடியிருப்பார். தேடிவிட்டோமே என்று கூசியும் போயிருப்பார். அவர் கேட்டதில் பாதி அந்தக் கூச்சம்தான். அதை உங்கள் எழுத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சங்கடம் இன்று நேற்று வந்ததில்லை. காதலைப் பாடும் அகப்பாட்டில் வரும் தலைவனையும் தலைவியையும் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி: 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்'. அடையாளம் தெரிந்துவிட்டால் அந்தப் பாட்டு அகம் இல்லை, போரையும் அரசரையும் பாடும் புறம். நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் தலைவனின் பெயர் எங்குமே வராது. ஆனாலும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருப்பதாக ஓர் அடி வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம் ஆயிற்றே! அந்த ஒரு தழையை வைத்தே அதைப் புறப்பாட்டு என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அந்தரங்கத்தைப் பாடலாம், யாருடைய அந்தரங்கம் என்று மட்டும் காட்டக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். கதைக்கு இந்தப் போர்வை கிடையாது. பெயரும் முகவரியும் இல்லாமல் கதை நடக்காது. கவிதையைக் கொண்டாடியவரே கதையைப் படித்து முகம் சுளிப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

எழுதியது பெண் என்றால் கவிதையும் தப்பியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசவையில் இருந்த முத்துப்பழனி, ராதையின் தாபத்தையும் கோபத்தையும் தெலுங்கில் ஒரு காவியமாகப் பாடினார். அதை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று அந்தக் காலத்துப் பெரிய சீர்திருத்தவாதியே கண்டித்திருந்தார். ஆண் கவிகள் இதைவிட வெளிப்படையாக எழுதியிருக்கிறார்களே, நாணம் பெண்களுக்கு மட்டுமா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். ஆங்கிலேய அரசு புத்தகத்தைத் தடை செய்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. "உனக்கு எப்படி மனம் வந்தது?" என்ற கேள்வி உங்களுக்கு முன்பே பலரைச் சுட்டிருக்கிறது. அவர்கள் எழுதியது நம் கையில் இருக்கிறது.

இனி எழுத்துக்கு வருகிறேன். எல்லாக் காட்சியும் ஒன்று போலத் தோன்றுவதாகச் சொல்கிறீர்களே, அது உண்மைதான். நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயத்தின் முடிவு இப்படி இருக்கிறது: "அவன் அவளை இறுக அணைத்தான். அவள் உடலெங்கும் மின்சாரம் பாய்ந்தது. இருவரும் தங்களை மறந்தனர்." இந்த மூன்று வாக்கியங்களையும் எந்தக் கதையிலிருந்து வேண்டுமானாலும் எடுத்து எந்தக் கதையில் வேண்டுமானாலும் வைத்துவிடலாம். அந்த மின்சாரம் யார் மேல் பாய்ந்தால் என்ன?

ஆனால் அதே பக்கத்தில், பத்து வரிக்கு முன்னால், நீங்கள் எழுதிய இன்னோர் இடம் இருக்கிறது. அவன் கண்ணாடியைக் கழற்றுகிறான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் அதை வாங்கிக்கொள்கிறாள். மூக்கின் இரு புறமும் கண்ணாடி அழுத்திய சிவந்த தடம் அவள் கண்ணில் படுகிறது. "இப்போது என் முகம் தெரிகிறதா?" என்று கேட்கிறாள். "பக்கத்தில் வந்தால் தெரியும்" என்கிறான்.

அம்மா, காதல் இங்கே இருக்கிறது! இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் எதிரில் நடமாடிய மனிதனின் முகத்தில் இதுவரை பார்க்காத ஒன்றை அவள் பார்த்துவிட்டாள். கிட்டப் போனால்தான் அவனுக்குத் தன் முகம் தெரியும் என்பதும் அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. பிறகு அவள் எடுத்து வைக்கும் ஓர் அடிக்கு எத்தனை கனம்! நீங்கள் அந்த அடியை எழுதாமல் மின்சாரத்துக்குப் போய்விட்டீர்கள்.

'அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம் செறிதோறும் சேயிழை மாட்டு' என்கிறார் வள்ளுவர். கற்கக் கற்க, இத்தனை நாள் இது தெரியாமல் இருந்தோமே என்று தோன்றுவது போல, அவளை நெருங்க நெருங்கப் புதிது புதிதாகத் தெரிகிறதாம். காமத்தைப் பசி என்றோ தீ என்றோ சொல்லாமல் கல்வியோடு சேர்த்து வைத்துவிட்டார். நெருக்கமான காட்சியை எழுதி முடித்ததும் இந்தக் குறளை வைத்து உரசிப் பாருங்கள். காட்சிக்கு முன் தெரியாத எது அவனைப் பற்றி இப்போது அவளுக்குத் தெரிகிறது? அவளைப் பற்றி அவனுக்கு? ஒன்றுமே இல்லை என்றால் அது அரைப் பக்கமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இருந்தால் நான்கு பக்கம் போனாலும் நான் ஆபாசம் என்று சொல்ல மாட்டேன்.

எதுவரை எழுதலாம் என்பதற்கு என்னிடம் அளவுகோல் வேறு இல்லை. உடலின் எந்தப் பகுதியைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பட்டியல் போட்டால் அது நாளைக்கே பழசாகிவிடும். ஒன்று மட்டும் பாருங்கள்: குறுந்தொகையில் கபிலரின் ஐந்தடிப் பாட்டில் ஒரு பெண், அவன் தன்னைக் கூடிய நாளை நினைக்கிறாள். சாட்சி யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு நினைவு வந்தது போல, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி நின்றதாம். கூடியதைச் சொல்ல 'தான் மணந்த ஞான்றே' என்ற மூன்று சொல் போதுமாக இருந்தது. குருகுக்கு இரண்டு அடிக்கு மேல் ஆகிறது. அந்தக் காலின் நிறம் வரை அவளுக்கு நினைவிருக்கிறது என்றால் அன்று அவள் எவ்வளவு விழித்திருந்தாள் என்று யோசியுங்கள்! அந்தப் பறவைக்கோ மீன் மேல்தான் கண், அவள் பக்கம் அது திரும்பவே இல்லை. 'தங்களை மறந்தனர்' என்று எழுதுகிறோமே, உண்மையில் அப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் எதையும் மறப்பதில்லை.

அடுத்து, முரட்டு நாயகன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அத்தியாயத்தில் அவள் "வேண்டாம்" என்று மூன்று முறை சொல்கிறாள். அவன் கேட்கவில்லை. மறுநாள் காலை அவள் கண்ணாடி முன் நின்று தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். இந்த வகைக் கதைகளுக்கு ஏராளமான வாசகிகள் இருப்பது எனக்கும் தெரியும். தன்னையே நினைத்து ஒருவன் நிலைகொள்ளாமல் தவிக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. தவிப்பை எழுதுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் அவள் சொன்ன சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளாதவன் எதைத் தவிக்கிறான்? அவளைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியவன்தான் அப்படி நடப்பான். முதல் அத்தியாயத்தில் கிட்ட வந்தால்தான் முகம் தெரியும் என்றவன், இதில் கிட்ட வந்தும் பார்க்கவில்லை.

அது ஊடல்தானே என்று கேட்காதீர்கள். ஊடல் என்பது அவள் கையில் இருக்கும் உரிமை. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். உணவில் உப்பு அமைவது போல என்று அதற்குக்கூட அளவு சொன்னார் வள்ளுவர். மறுப்பு வேறு. அதை ஊடல் போலக் காட்டும் பக்கங்களை எடுத்துவிடுங்கள். அதனால் சில வாசகிகள் போகலாம். போகட்டும்.

வேகம் போதவில்லை என்பவர்களுக்கும் வள்ளுவரிடமே வழி இருக்கிறது. காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் கூடிய இன்பத்துக்கு என்று அவர் ஒதுக்கியது 'புணர்ச்சி மகிழ்தல்' ஒன்றுதான். மீதியில் பெரும்பகுதி பார்வை, காத்திருப்பு, கனவு, மாலைப் பொழுதின் வேதனை, பிணக்கு. உங்கள் கதையில் அவன் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறான். அந்த ஒரு மாதத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த மாதம் முழுவதும் வேண்டும்.

நாத்தனாரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். திருத்திய அத்தியாயத்தை அவரிடமே முதலில் படிக்கக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அந்தக் கண்ணாடி இன்னும் அவள் கையிலேயே இருக்கிறது. அதை அவள் எங்கே வைத்தாள் என்று எழுதிவிடுங்கள்.