மறுமோதலில் யார் ஜெயிப்பார்? குத்துச்சண்டை கேள்வி–பதில்

ஹெவிவெயிட் பட்டத்துக்கு மறுமோதல் (ஏற்கெனவே மோதிய இருவரும் மறுபடி மோதுவது) என்று பேச்சு வந்தாலே டீக்கடையில் ஆளுக்கொரு ஆரூடம். கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

முதல் சண்டையில் தோற்றவர் மறுமோதலில் பாடம் கற்றுக்கொண்டு வந்து ஜெயித்துவிடுவார் என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

ஏன் தோற்றார் என்று முதலில் கேளுங்கள். திருத்தக்கூடிய காரணமா, திருத்த முடியாததா? ஆரூடத்தில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

1936-ல் ஜோ லூயியை மாக்ஸ் ஷ்மெலிங் 12-வது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். லூயி இடதுகையால் ஜாப் (முன்னால் நீட்டிய கையால் விடும் நேர்க்குத்து) விட்டுத் திரும்ப இழுக்கும்போது கையைத் தாடைக்குக் கொண்டுவராமல் தாழ்த்திவிடுவார். அந்த இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலதுகை நேராக இறங்கியது. இது பழக்கக் கோளாறு, பயிற்சியில் சரிசெய்துவிடலாம். 1938-ல் அதே ஷ்மெலிங்கை லூயி முதல் ரவுண்டில் 2 நிமிடம் 4 விநாடியில் முடித்துவிட்டார். லெனாக்ஸ் லூயிஸ் 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ஹசீம் ரஹ்மானிடம் 5-வது ரவுண்டில் விழுந்தார். கடல்மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் இருக்கும் ஊர். அங்கே தாமதமாகப் போய் இறங்கியவருக்கு உடம்பு பழகவில்லை. நவம்பரில் லாஸ் வேகாஸில் 4-வது ரவுண்டிலேயே கணக்கைத் தீர்த்துவிட்டார்.

மறுபக்கம் ஆன்டனி ஜோஷுவா. 2021-ல் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் தோற்றதும் பயிற்சியாளரை மாற்றினார். 2022 ஆகஸ்டில் ஜெட்டாவில் முன்பைவிட நன்றாகவே ஆடினார், உடம்பிலும் குத்தினார், ஆனாலும் தோற்றார். உசிக்கின் கால் வேலையும் இடதுகைக்காரராக நிற்கும் நிலையும் எதிராளி ஆறு மாதப் பயிற்சியில் கரைத்துவிடக்கூடிய சங்கதிகள் இல்லை. டைசன் ஃப்யூரியும் டேனியல் டுபுவாவும் உசிக்குடன் மறுமோதலில் இறங்கி அதே சுவரில்தான் முட்டினார்கள்.

எடை பார்க்கும் நாளில் வரும் எண்ணை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?
– வாசகர், லாஸ்பேட்டை

முடியும், ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஹெவிவெயிட்டில் மேல் வரம்பு கிடையாது, அதனால் எடை கூடுவதும் குறைவதும் அந்த வீரரின் திட்டத்தைக் காட்டிக்கொடுக்கும்.

2019 ஜூனில் ஆண்டி ருயிஸ் 268 பவுண்டில் வந்து ஜோஷுவாவை 7-வது ரவுண்டில் வீழ்த்தினார். டிசம்பர் மறுமோதலுக்கு அவர் 283 பவுண்டு. ஜோஷுவாவோ சுமார் 10 பவுண்டு இளைத்து 237. முதல் தடவை கிட்டே நின்று அடி வாங்கிய ஜோஷுவா இந்தத் தடவை ஓடி ஓடி ஜாப் விடப்போகிறார் என்பது தராசிலேயே தெரிந்துவிட்டது. கனத்துப்போன ருயிஸால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. புள்ளிக் கணக்கில் ஜோஷுவாவுக்கு இரண்டு ஜட்ஜுகள் 118–110, மூன்றாமவர் 119–109 கொடுத்தார்கள்.

எடை கூடினால் தோல்விதான் என்று எழுதிவைத்துவிடாதீர்கள். டியோன்டே வைல்டருடன் 2018-ல் டிரா செய்தபோது ஃப்யூரி 256 பவுண்டு, 2020 பிப்ரவரி மறுமோதலில் 273. பின்வாங்கி ஆடியவர் பயிற்சியாளரை மாற்றி, முன்னேறி, வைல்டர் மேல் சாய்ந்து கனத்தை இறக்கினார். 7-வது ரவுண்டில் வைல்டரின் கார்னர் (அவரது பயிற்சிக் குழு) தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசியது. கூடிய எடை முன்னேறி மோதுபவருக்கு ஆயுதம், துரத்தவேண்டியவருக்குச் சுமை. இன்னொன்று: சட்டை, காலணியோடு ஏறும் எடையை நம்பவேண்டாம்.

ஃப்யூரி–உசிக் முதல் சண்டையில் ஒரு ஜட்ஜ் ஃப்யூரிக்குக் கொடுத்தார். அவ்வளவு நெருக்கமாகவா இருந்தது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

இருந்தது. 2024 மே 18, ரியாத். தீர்ப்பு: உசிக்குக்கு 115–112, 114–113, ஃப்யூரிக்கு 114–113. இதில் 9-வது ரவுண்டுதான் முழுக் கதை. உசிக்கின் இடதுகை பட்டதும் ஃப்யூரி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடிப் போனார். கயிறு தாங்கிக்கொண்டதால் கீழே விழவில்லை. கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்று நடுவர் கணித்தால் அதுவும் நாக்டவுன்தான், அதனால் எண்ணத் தொடங்கினார். ரவுண்டை எடுத்தவருக்கு 10, மற்றவருக்கு 9 என்பது வழக்கம்; நாக்டவுனால் அந்த ரவுண்டு 10–8.

அந்த எண்ணிக்கை இல்லாமல் 10–9 ஆகியிருந்தால் ஃப்யூரிக்கு மூன்று ஜட்ஜுகளின் புள்ளி அட்டையிலும் ஒரு புள்ளி கூடும்: 115–113 உசிக், 114–114, 115–113 ஃப்யூரி. அதாவது டிரா! மறுமோதலை ஆரூடம் சொன்னவர்களில் பலர் ‘நெருக்கமான சண்டை, ஃப்யூரி கொஞ்சம் திருத்தினால் போதும்’ என்று நினைத்தது இந்தக் கணக்கால்தான். ஆனால் அட்டை சொல்லாத ஒன்று உண்டு: கடைசி ஐந்து ரவுண்டில் சண்டை எந்தப் பக்கம் சாய்ந்தது? உசிக் பக்கம். டிசம்பர் 21 மறுமோதலில் மூன்று ஜட்ஜுகளும் 116–112 உசிக்குக்கே கொடுத்தார்கள். முதல் சண்டையின் பின்பாதியைத் திரும்பப் பாருங்கள். மறுமோதல் அங்கிருந்துதான் தொடங்கும்.

வீட்டில் உட்கார்ந்து நாமே புள்ளி போடுவது எப்படி? என் அட்டையும் ஜட்ஜ் அட்டையும் ஒத்துப்போவதே இல்லை.
– வாசகர், முதலியார்பேட்டை

ஒரு தாளில் 12 வரி, மூன்று பத்தி: ரவுண்டு எண், சிவப்பு கார்னர், நீல கார்னர். ரவுண்டை எடுத்தவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒரு நாக்டவுன் என்றால் வழக்கமாக 10–8, இரண்டு என்றால் 10–7. மணி அடித்ததும், ரீப்ளே தொடங்குமுன் எழுதிவிடுங்கள். ரீப்ளே காட்டுவது ரவுண்டின் ஒரே ஒரு நல்ல குத்தை. மீதி இரண்டரை நிமிடத்தை அது மறக்கடித்துவிடும்.

டிவி சத்தத்தை அடைத்துவிடுங்கள். வர்ணனையாளர் ஒருவர் பக்கம் சாய்ந்தால் நீங்களும் சாய்வீர்கள். அரங்கக் கூச்சல் இன்னும் மோசம்: உள்ளூர்க்காரர் குத்து எதிராளியின் கிளவுஸில் பட்டாலும் ஆரவாரம்தான். தலையிலும் உடம்பின் முன், பக்கப் பகுதிகளிலும் சுத்தமாகப் பட்டதை மட்டும் எண்ணுங்கள். முழங்கை, தோள், கிளவுஸில் பட்டது குத்தே இல்லை. முன்னேறிப் போகிறவர்தான் ஜெயிக்கிறார் என்ற எண்ணம் வேண்டாம்; முன்னேறும்போது அடி வாங்கினால் ரவுண்டு போய்விடும். கடைசி 20 விநாடி வாணவேடிக்கைக்கும் மயங்காதீர்கள். அதுதான் நம்மவர்கள் அட்டையில் அதிகம் நடக்கும் பிழை.

தீர்ப்பு வாசித்ததும் சரிபார்க்க ஒரு குறுக்குவழி: நாக்டவுனும் புள்ளி வெட்டும் இல்லாத 12 ரவுண்டு சண்டையில், ஒருவர் மொத்தப் புள்ளியிலிருந்து 108-ஐக் கழித்தால் அவர் எடுத்த ரவுண்டு எத்தனை என்று வரும். 116 என்றால் 8 ரவுண்டு. 115 என்றால் 7.

இடுப்புக்குக் கீழே பட்ட அடியால் முடிவு மாறுமா?
– வாசகர், வில்லியனூர்

மாறும். 2023 ஆகஸ்டில் போலந்தின் விரோட்ஸ்வாஃபில் 5-வது ரவுண்டில் டுபுவாவின் குத்தில் உசிக் விழுந்தார். பெல்ட்டுக்குக் கீழே பட்டது என்று நடுவர் சொன்னதால் நாக்டவுன் எண்ணவில்லை, ஓய்வு கொடுத்தார். இப்படி அடிபட்டவருக்கு 5 நிமிடம் வரை உண்டு. உசிக் தேறி வந்து 9-வது ரவுண்டில் ஜெயித்தார். சரியான குத்துதான் என்று டுபுவா தரப்பு கடைசிவரை வாதாடியது. 2025 ஜூலையில் வெம்ப்ளி மறுமோதலில் உசிக் 5-வது ரவுண்டிலேயே முடித்ததும் அந்த வாதம் அடங்கியது.

சண்டை ரியாத்தில், லண்டனில் என்றால் இங்கே எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்?
– வாசகர், கடலூர் முதுநகர்

ரியாத் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டுங்கள். லண்டன் என்றால் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. பெரிய சண்டை ரியாத்தில் பெரும்பாலும் சனி நள்ளிரவை ஒட்டி, லண்டனில் சனி இரவு பத்து மணிவாக்கில். இங்கே ஞாயிறு விடியற்காலை. லாஸ் வேகாஸ் சனி இரவுச் சண்டை நமக்கு ஞாயிறு காலைப் பலகார நேரம். விளம்பரத்தில் போடும் நேரம் முதல் சண்டைக்கு. முக்கியச் சண்டை அதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான். முன்னால் நடப்பவை சீக்கிரம் நாக் அவுட்டில் முடிந்தால் அதுவும் முன்னே நகரலாம்.

தம்பிக்கும் எனக்கும் மறுமோதலுக்கு ஒரு பிரியாணி பந்தயம். டிரா ஆனால் யார் வாங்கித் தருவது?
– வாசகி, பண்ருட்டி

பிரியாணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம். சண்டையில் டிரா என்றால் பட்டம் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருக்கும். 1999 மார்ச்சில் ஹோலிஃபீல்டும் லெனாக்ஸ் லூயிஸும் டிரா செய்தபோது இருவரும் தங்கள் தங்கள் பட்டப் பெல்ட்டோடு வீடு போனார்கள். நவம்பரில்தான் லூயிஸ் புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். அந்தக் கணக்குப்படி, முதல் சண்டைக்கும் பந்தயம் கட்டியிருந்தால், அப்போது பிரியாணி சாப்பிட்டவருக்கே இந்தத் தடவையும். தம்பி ஒத்துக்கொள்வாரா என்று மணி அடிக்குமுன் கேட்டுவிடுங்கள்.