'ஸ்க்ரீம்' பார்க்கும் முன் எவற்றைப் பார்ப்பது?

வணக்கம். 1996இல் வெளிவந்த, பழைய திகில் படங்களை நையாண்டி செய்யும் 'ஸ்க்ரீம்' என்ற திகில் படத்தில் நண்பர்கள் சிரித்த இடங்களில் தங்களுக்குச் சிரிப்பே வரவில்லை என்றும், மறுபடி பார்க்குமுன் எந்தப் பழைய படங்களைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 1978இன் 'ஹாலோவீன்', 1980இன் 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' ஆகிய இரண்டுமே போதும். 'ஸ்க்ரீம்' படத்தின் தொடக்கத்தில் கொலைகாரன் தொலைபேசியில் கேட்கும் வினா இரண்டாவது படத்தைப் பற்றியது. பலரும் சொல்லக்கூடிய தவறான விடையையே அந்த அழைப்பை எடுக்கும் பெண்ணாக நடித்த ட்ரூ பேரிமோரும் சொல்லி மாட்டிக்கொள்கிறார் (சரியான விடையை நான் இங்கே உடைக்கப்போவதில்லை).

'ஹாலோவீன்' அதைவிட முக்கியம். 'ஸ்க்ரீம்' படத்தின் விருந்துக் காட்சியில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். உடலுறவு கூடாது, குடிக்கக் கூடாது, 'இதோ வந்துவிடுகிறேன்' என்று சொல்லவே கூடாது எனப் திகில் படத்தில் பிழைத்திருப்பதற்கான விதிகளை, திகில் படப் பிரியனான ராண்டி என்ற இளைஞன் அடுக்குவதும் அப்போதுதான். பிறகு, அதே ராண்டி போதையில் தனியாக அமர்ந்து, திரையிலுள்ள நாயகியிடம் 'பின்னால் பார்' என்று கத்திக்கொண்டிருக்கையில், அவன் முதுகுக்குப் பின்னாலேயே முகமூடி அணிந்த உருவம் கத்தியோடு வந்து நிற்கிறது. இயக்குநர் வெஸ் கிரேவனின் நையாண்டி உச்சம் தொடுவது அங்கேதான் என்பேன்.

2000இன் 'ஸ்கேரி மூவி'யை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள்; அது 'ஸ்க்ரீம்' படத்தையே கேலி செய்வது.