கேளுங்க அக்கா: பங்குனி, சித்திரையில டெல்டா பக்கம்

இந்த தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல திருவிழா கேள்விதான். அதனால சமையலையும் மாமியார் பஞ்சாயத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அக்கா, நாங்க சென்னையில இருக்கோம், பூர்வீகம் நன்னிலம் பக்கம். பிள்ளைங்களுக்கு ஏப்ரல், மே லீவு. வசந்த காலத்துல நம்ம பக்கம் என்னென்ன கலை நிகழ்ச்சி, திருவிழா நடக்கும்னு தேதியோட ஒரு லிஸ்ட் போடுங்களேன்.
– வாசகி, சென்னை

தேதியோட கேட்டீங்க பாருங்க, அது ஒன்னுதான் நம்ம ஊர்ல ஆகாத காரியம். இங்க எல்லாம் நட்சத்திரம், திதி, கிழமை. திருவாரூர் தேர்னா பங்குனி ஆயில்யம், திருவையாறு ஏழூர் பல்லக்குன்னா சித்திரை விசாகம், மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகம்னா நரசிம்ம ஜெயந்தி, வலங்கைமான் பாடைக்காவடின்னா பங்குனி ரெண்டாவது ஞாயிறு. இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும், போன வருஷ யூடியூப் வீடியோவைப் பாத்துட்டு டிக்கெட் போட்டு வந்து காலித் தெருவைப் பாத்துட்டுப் போனவங்க என் சொந்தக்காரங்கள்லயே உண்டு. கோயில் ஆபீசுக்கு ஒரு போன் போட்டு பத்திரிகை அடிச்சாச்சான்னு கேளுங்க, அடிச்சிருந்தா போட்டோ புடிச்சு அனுப்பிடுவாங்க. தேதி மாறாம வேணும்னா திருக்காட்டுப்பள்ளி பக்கத்துல பூண்டி மாதா கோயில் இருக்கு, மே 6 கொடியேத்தம், 14 ராத்திரி தேர்பவனி, எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க.

அது ஏன் எல்லாம் இந்த ரெண்டு மூணு மாசத்துலயே வந்து விழுதுன்னா, தையில அறுப்பு முடிஞ்சு அப்புறம் உளுந்து பயறும் எடுத்துட்டா வயல் வெடிச்சுக் கெடக்கும், மேட்டூர் தொறக்குறது ஜூன் 12, அதுவும் அணையில தண்ணி இருந்தாத்தான், நடுவுல ஆளுங்களுக்கு வேலை கம்மி, நெல்லு வித்த காசு கொஞ்சம் மிச்சம் இருக்கும், கூத்துக்கு எடம் வேணும்னா காஞ்ச வயலே போதும். போர் செட் இருக்கவங்க கோடை நெல்லு போடுவாங்க, அது வேற கதை. பேருதான் வசந்தம், வெயில் மண்டையப் பொளக்கும், அதனாலதான் பாதி நிகழ்ச்சி ராத்திரியில. பிள்ளைங்கள மத்தியானம் நல்லா தூங்க வச்சு கூட்டிட்டு வாங்க.

மெலட்டூர் பாகவத மேளா பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா எல்லாம் தெலுங்குல இருக்கும், விடிய விடிய நடக்கும்ங்கிறாங்க. எனக்கு தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. புரியுமா? பொம்பளைங்க உக்காரலாமா?
– வாசகி, கும்பகோணம்

தாராளமா உக்காரலாம், முன் வரிசையே பாட்டிங்கதான். ஆடுறதுதான் ஆம்பளைங்க மட்டும், பிரகலாதனோட அம்மா லீலாவதி வேஷமும் அவங்கதான், அந்தப் புடவைக்கட்டையும் நடையையும் பாத்தா நம்மளே ஒரு தடவை இடுப்புக் கொசுவத்தை சரி பண்ணிக்குவோம்.

தெலுங்கு எப்படி வந்துச்சுன்னா தஞ்சாவூரை ஆண்ட நாயக்க ராஜாக்கள் காலத்துல வந்தது. அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பத்துக்கு வீடும் நிலமும் குடுத்து குடி வச்ச ஊருன்னு சொல்லுவாங்க. இப்ப ஆடுற நாடகங்களை எழுதினது மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி, அதுல பிரகலாத சரித்திரம்தான் நரசிம்ம ஜெயந்தி அன்னிக்கு. கதை உங்களுக்கு ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து தெரியும், அப்புறம் தெலுங்கு புரியலைன்னா என்ன, பாட்டு நம்ம கர்நாடக ராகம்தான், முகத்தைப் பாத்தாலே விளங்கிடும். வரதராஜப் பெருமாளை மேடைக்கு எதிர்ல எழுந்தருளப் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க, நாடகம் அவருக்கு, நாம நடுவுல உக்காந்து பாத்துக்கிறோம், அவ்வளவுதான். மொதல்ல கோணங்கி வந்து குதிச்சு சிரிக்க வைப்பான், அப்புறம் ஒரு சின்னப் பையன் பிள்ளையார் முகமூடி போட்டுக்கிட்டு வருவான், அதுக்கப்புறம்தான் பெரிய வேஷங்கள் ஒவ்வொன்னா திரைக்குப் பின்னாலேர்ந்து வரும். ரெண்டு மணிக்கு மேல பாதிக் கூட்டம் பாயில சாஞ்சிரும், நீங்களும் சாயலாம், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, ஆனா தூணு உடையற நேரத்துக்கு எழுப்பிவிடச் சொல்லிட்டு சாயுங்க. அந்த நரசிம்மர் முகமூடி வருஷம் பூரா பூஜையில இருக்கறது, அதைப் போடுறவரு அன்னிக்கு விரதம். முகமூடி ஏறினதும் ஆவேசம் வந்துரும், நாலஞ்சு பேரு இடுப்பைப் புடிச்சு இழுத்துக்கிட்டு நிப்பாங்க, எதிர்ல இரணியன் வசனத்தை விடாம பேசிக்கிட்டே இருப்பான், செல்போன்ல எடுக்கலாம்னு தூக்கின கையை பாதிப் பேரு தானா எறக்கிடுவாங்க.

நடுவுல நலிஞ்சு போயிருந்த இந்தக் கலையை மறுபடி வெளி உலகத்துக்குக் காட்டினதுல, பரதநாட்டியத்துக்காகப் போராடின வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயருக்குப் பெரிய பங்கு உண்டு. மெலட்டூர்ல எடம் கிடைக்கலைன்னா சாலியமங்கலம் போங்க, தேப்பெருமாநல்லூர்லயும் உண்டு, கூட்டம் கம்மி, என்னைக் கேட்டா அதுவே சொகம். தெலுங்கே வேணாம்னு அடம் புடிச்சா ஒரத்தநாடு பக்கத்துக் கிராமங்கள்ல இதே கதையை தமிழ்ல இரணிய நாடகமா போடுறாங்க, அது இன்னும் முரட்டுத்தனமா இருக்கும், எனக்கு ரெண்டும் புடிக்கும்.

மன்னார்குடி வெண்ணெய்த்தாழிக்குப் போனா சட்டை வீணாயிடுமா?
– கல்லூரி மாணவர், நீடாமங்கலம்

ஆயிடும். பழைய சட்டையா போட்டுட்டுப் போங்க. ராஜகோபாலன் அன்னிக்கு தவழ்ற கிருஷ்ணனா வெண்ணெய்க் குடத்தோட வருவாரு, தெரு பூரா சனம் வெண்ணெயை வீசும், சாமி மேல படுறதை விட முன்னாடி நிக்கிறவன் முதுகுல படுறதுதான் ஜாஸ்தி. பங்குனி பிரம்மோற்சவம் 18 நாள், மத்த நாளெல்லாம் நல்ல சட்டை போடலாம்.

வலங்கைமான் பாடைக்காவடிக்கு மாமனார் குடும்பத்தோட கூப்பிடுறாரு. ஆறு வயசுப் பொண்ணு இருக்கா, பயந்துருவாளோன்னு யோசனையா இருக்கு.
– வாசகர், திருப்பூர்

பெரியவங்களுக்கே மொத தடவை வயித்தைப் பெசையும், உண்மைதான். சாகக் கெடந்து பொழைச்சவங்க வேண்டுதலுக்காக பாடையில பொணம் மாதிரியே படுத்துக்குவாங்க, சொந்தக்காரங்க தோளுல தூக்கிட்டு வருவாங்க, முன்னாடி ஒருத்தர் தீச்சட்டி எடுத்துட்டு நடப்பாரு, தப்பு மேளத்து அடி கூட சாவு அடிதான். ஆனா மாரியம்மன் கோயிலுக்கு வந்ததும் எழுந்து உக்காந்து சிரிக்கிறாங்க பாருங்க, அதைப் பாக்காம பாதியில பொண்ணைத் தூக்கிட்டு ஓடினாத்தான் பயம் மனசுல நிக்கும். முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, "அந்த மாமாவுக்கு உடம்பு சரியாயிடுச்சு, அதுக்குத்தான் இதெல்லாம்"னு. அப்பவும் அழுதா தூக்கிக்கிட்டுப் போய் பலூன் கடையில நில்லுங்க.

எங்க ஊரு மாரியம்மன் திருவிழாவுக்கு நான் இந்த வருஷம் கமிட்டியில இருக்கேன். பசங்க ஆடலும் பாடலும் வைக்கணும்ங்கிறாங்க, பெருசுங்க நாயனம், கரகாட்டம் போதும்ங்கிறாங்க. பட்ஜெட் ஒன்னுக்குத்தான் தாங்கும். என்ன செய்ய?
– வாசகர், பாபநாசம் வட்டம்

பெருசுங்க பக்கம்தான் நானு, ஒளிவு மறைவு இல்ல. ஆடலும் பாடலும் எந்த ஊர்ல வச்சாலும் அதே பத்துப் பாட்டு, அதே லைட்டு, போலீஸ் பர்மிஷன் வாங்க அலையணும், கடைசியில முன்னால நின்ன ரெண்டு தெருப் பசங்களுக்குள்ள கைகலப்பு. நாயனம் நம்ம சொத்துய்யா. கும்பகோணத்துலேர்ந்து மாயவரம் போற வழியில நரசிங்கம்பேட்டை இருக்கு, அங்க பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குறாங்க, ஆச்சா மரம், எத்தனையோ வருஷம் காஞ்ச கட்டைதான் வெடிக்காதாம், அதைக் கடைஞ்சு துளை போட்டு செய்யிற நாகசுரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கெடைச்சுது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு பாரிங்கிற நீள நாயனம் செஞ்சு குடுத்தது அந்த ஊரு ரங்கநாதன் ஆசாரி. அவ்வளவு கிட்டக்க வச்சுக்கிட்டு நாம ஸ்பீக்கர்ல சாமி பொறப்பாட்டு மல்லாரி போடுறோம்.

ஆனா பசங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. கச்சேரியை வச்சுட்டு அதே நேரத்துல ராட்டினக்காரன் மைக் செட்டும் அலறுனா யாரு கேப்பா? சாமி பொறப்பாடு நேரம் மட்டுமாவது மத்த ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி கமிட்டியில தீர்மானம் போடுங்க, தவில்காரங்க ரெண்டு பேரை தெரு முக்குல எதிரும் புதிருமா நிறுத்தி கால் மணி நேரம் தனி ஆவர்த்தனம் வைங்க, பசங்க தானா வந்து சுத்தி நிப்பாங்க. நல்லா வாசிச்சா பேசுன தொகைக்கு மேல நூறு இருநூறு சேத்துக் குடுங்க, பேசுனதையே புடிச்சுக்கிட்டுக் குடுக்காதீங்க. உங்க ஊர்லேர்ந்து யாராவது கத்துக்கணும்னா திருவையாறு அரசு இசைக்கல்லூரியில நாகசுரமும் தவிலும் சொல்லித் தராங்க.

திருவாரூர் தேரை எங்க நின்னு பாக்குறது நல்லது?
– வாசகர், நாகப்பட்டினம்

திரும்புற முக்குல, ஆனா தள்ளி நின்னு. 96 அடி உயரம், 300 டன் எடை, நேரா வர்றதை யாரும் பாக்கலாம், முட்டுக்கட்டை போடுறவங்க சக்கரத்துக்குக் கீழ கையை விட்டு அதைத் திருப்புறதுதான் வேடிக்கை. பழைய தேரு 1926ல எரிஞ்சு போச்சு, புதுசு செஞ்சு 1930ல ஓடிச்சு, நடுவுல பல வருஷம் ஓடாம நின்னு 1970ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது. இப்ப இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக், திருச்சி பெல் கம்பெனி போட்டுக் குடுத்தது, பின்னாடி புல்டோசரும் தள்ளும். "ஆரூரா, தியாகேசா"ன்னு கத்த தொண்டை மட்டும் எடுத்துட்டுப் போங்க, தண்ணியும் மோரும் வழியெல்லாம் குடுப்பாங்க.

சித்திரை பொறந்ததும் நல்லேர் (வருஷத்தோட மொத உழவு) பூட்டுறோம். எங்க தெருவுல இப்ப ஒரு மாடு கூட இல்ல. டிராக்டர்ல பூட்டினா சாஸ்திரப்படி தப்பா?
– விவசாயி, ஒரத்தநாடு

தப்பே இல்லீங்க, பல ஊர்ல அப்படித்தான் நடக்குது. பானெட்டுல சந்தனம் குங்குமம் வச்சு, விதை நெல்லு, தேங்கா பழம் படைச்சு, கிழக்கப் பாத்து ஓட்டுங்க. ஒரு தெருவுக்கு ஒரு டிராக்டர் போதும், ஆளாளுக்குத் தனித்தனியா எடுத்துட்டு வந்து டீசலை வீணாக்காதீங்க, பானகம் மட்டும் எல்லா வீட்லயும் கரைங்க.